தாடைக்கு வந்த இடுப்பெலும்பு

பஞ்சு மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓடுகிற கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் மனுசக் குரலுக்கு அங்கே வேலை கிடையாது. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளின் காதுக்குப் போய்ச் சேராது. அதனால் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர்கள் அறுந்த நூலை ஒட்டப் பழகுவதற்கு முன்பே அடுத்தவர் வாயைப் பார்க்கப் பழகிவிடுவார்கள். குரலை விட்டுவிட்டு, உதட்டையும் தாடையையும் பெரிதாக அசைத்துச் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் அதைக் கண்ணால் வாங்கிக்கொள்வார். வீட்டுக்கதை, சங்கக்கதை, சினிமாக்கதை எல்லாம் இப்படித்தான் ஓடும். சண்டையும் இப்படித்தான் நடக்கும். நான் அங்கே மேஸ்திரி. நூல் அறுந்து கிடந்தால், பஞ்சு சுற்றிக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் என் வாய்தான் அசைய வேண்டும். கூடத்தின் கோடியில் நிற்கிறவனும் என் வாயைப் பார்த்து ஓடி வருவான். வேலையில் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், வாயில் கெட்டிக்காரன்.

என் மனைவியும் அதே மில்லில், நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். நான் பஸ் பிடித்து ராஜபாளையம் போய் வருவேன். அவள் மில்லை விட்டாலும் வாயைப் பார்த்து வாங்குகிற வித்தை அவளை விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் யாரோ யாரைப் பற்றியோ முணுமுணுப்பதை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொல்லிவிடுவாள்.

தொண்ணூறாம் வருஷம் பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தி, என் இடது தாடையில் வீக்கம் வந்தது. வலி இல்லை. வலி இல்லாத ஒன்றுக்காக லீவு போட நான் தயாராக இல்லை. வெற்றிலையை ஒரு பக்கமாக அடக்கியிருப்பது போல இருக்கிறது என்று மில்லில் கேலி செய்தார்கள். பிறகு ஒரு கடைவாய்ப்பல் தானாக ஆடத் தொடங்கியது. ராஜபாளையத்தில் பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்லைப் பிடுங்காமல் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எடுத்ததைப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார். பல்லுக்கு மதுரையா என்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் கைகழுவப் போய்விட்டார். மறுநாளே லீவு எழுதிக்கொடுத்தேன்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. தாடை டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மில்லில் காது பாதி போய்விட்டதும் ஒரு காரணம். அவர் வாயைப் பார்த்துத்தான் முக்கால்வாசி வாங்கினேன். அது புற்று இல்லை, ஆனால் எலும்பைத் தின்கிற கட்டி. சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். அதனால் இடது கடைவாயிலிருந்து நாடிக்குப் பக்கம் வரைக்கும் தாடையெலும்பையே வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் இடுப்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு எலும்பை எடுத்து வைக்க வேண்டும்.

"இடுப்பெலும்பு தாடையில போய்ப் பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"போன உடனே அதுல பெரும்பாகம் செத்துரும் மேஸ்திரி" என்றார். "ரத்த ஓட்டம் அறுந்துபோச்சுல்ல. உள்ள கொஞ்சம் செல்லு பிழைச்சுக் கிடக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் இருக்கிற உங்க சொந்தத் தாடையில இருந்தும், சுத்தியிருக்கிற சதையில இருந்தும் புது ரத்தக்குழாய் இதுக்குள்ள முளைச்சு வரும். அது வழியா வர்ற செல்லு செத்த எலும்பைக் கொஞ்சங்கொஞ்சமா அரிச்சு எடுத்துட்டு, அங்கங்க புது எலும்பை வைக்கும்."

"அப்ப நீங்க வச்ச எலும்பு?"

"கடைசியில அநேகமா இருக்காது. அது சாரம் மாதிரி. ஆனா சாரம் இல்லாம சுவர் எழும்பாது."

இல்லாமல் போகப்போகிற ஒன்றுக்காக என் இடுப்பை வெட்டணுமா என்று எனக்குக் கோபம் வந்தது. மனைவி என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் உங்ககிட்ட கேக்கறேன்" என்றார். "வச்ச எலும்பு அசையக் கூடாது. முளைச்சு வர்ற குழாய் முடியை விட மெல்லிசு. அசைஞ்சா அறுந்திரும். திரும்ப முளைக்கும், திரும்ப அறும். அப்படியே போனா அந்த இடத்துல எலும்பு வராது, தழும்புச் சதைதான் வரும். தாடை ரெண்டு துண்டா ஆடும். நாடி உள்ள இழுத்துக்கும். மெல்ல முடியாது, சரியாப் பேச முடியாது. அதனால மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிருவேன். பேசாதீங்க."

ஒட்டாவிட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். மறுபக்க இடுப்பிலிருந்து இன்னொரு முறை எடுக்கலாம், ஆனால் இரண்டாம் முறை ஒட்டுவது கஷ்டம் என்றார். எனக்கு அதற்குமேல் எதுவும் ஏறவில்லை. வாய் போய்விட்டால் நான் மில்லில் என்ன? கூட்டித் தள்ளுகிற ஆளுக்குக்கூட நாலு பேரிடம் சொல்ல வாய் வேண்டும். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு வாய் அசைக்க முடியாத ஒரு மேஸ்திரியை நினைத்துப் பார்த்தேன். பயம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலித்தது தாடை இல்லை, இடுப்பு. யாரோ என் இடுப்பில் ஏறி நிற்பதுபோல் இருந்தது. தாடைப் பக்கமோ மரத்துக் கிடந்தது. எலும்புக்குள் ஓடிய நரம்பும் கட்டியோடு போய்விட்டதால் கீழுதட்டின் இடது பாதி இனி மரத்தே இருக்கும் என்றார்கள். எச்சில் வழிந்தால் எனக்குத் தெரியாது. மனைவி தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள், நான் துடைத்துக்கொள்வேன். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவள் கையில் ஒரு கட்டிங் பிளையரைக் கொடுத்தார். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும், உடனே இந்த இந்தக் கம்பியை வெட்டிவிட வேண்டும் என்று தொட்டுக் காட்டினார். அன்று முதல் அந்த பிளையர் அவள் இடுப்பிலேயே செருகியிருந்தது. அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் அதன் மேலேயே இருக்கும்.

கஞ்சி, கேப்பைக் கூழ், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். எல்லாம் பாலாடையில் ஊற்றி, கன்னத்தை ஒதுக்கி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் விடுவாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஒரு மில் மேஸ்திரிக்குச் சாப்பாடு. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் உப்புத் தண்ணீரால் கழுவல். வாய்க்கிருமி தையலைத் தாண்டி உள்ளே இறங்கினால் வைத்த எலும்பு அழுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் என் பல்லை விளக்கியதில் பல் தேயாமல் இருந்ததே அதிசயம்.

என்னால் சும்மா இருக்க முடியாது. மில்லில் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிறவன் நான். கட்டிலில் உட்கார்ந்தால் கால் ஆடும், காலை நிறுத்தினால் விரல் ஆடும். அவள் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிக்கொடுத்தாள். சிலேட்டில் கோபப்பட முடியுமா? 'இந்தக் கூழில் உப்பு' என்று எழுதி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள். பின்னாலேயே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனால் எனக்கே சிரிப்பு வரும், சிரிக்க வாய் இல்லாமல் மூக்கில் புஸ்ஸென்று காற்று வரும்.

அப்புறம்தான் எங்களுக்கு மில் பேச்சு ஞாபகம் வந்தது. பல் கட்டியிருந்தால் என்ன, உதடு இருக்கிறதே. நான் உதட்டை இழுத்து, தாடையை இறுக்கி, 'உப்பு இல்லை' என்று சொன்னேன். அவள் உடனே வாங்கிவிட்டாள்.

"உப்பு போதும். வாய் கழுவுத தண்ணியிலதான் எம்புட்டு உப்பு போகுது" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. சிலேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன். டாக்டர் பேசாதே என்றார், நான் பேசவில்லையே. ஒரு சத்தம் இல்லை. மில்லுக்காரன் புத்திக்கு இது பேச்சுக் கணக்கில் சேராது. அவளும் மில்லுக்காரிதானே, அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற செட்டியார்பட்டித் தம்பி ஒருவன் அநேகமாக ஒருநாள் விட்டு ஒருநாள் வருவான். வருகிறவன் வெறுங்கையோடு வராமல் பால்கோவா வாங்கி வருவான். எங்கள் ஊர்ப் பால்கோவாவை எனக்கே கொண்டுவந்து, நான் பார்க்க அவனே தின்றுவிட்டுப் போவான். பக்கத்தில் பேசினால் எனக்குக் காது கேட்கும், அவனுக்கும் வாய் இருக்கிறது. ஆனாலும் நான் உதட்டால் பேசியதும் அவனும் உதட்டாலேயே பதில் சொல்லுவான். மற்றவர்களும் அப்படியே. சாயங்காலம் வீட்டு முன்னறையில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் வாயை ஆட்டிக்கொண்டிருப்போம். திடீரென்று எல்லாரும் சிரிப்பார்கள். நான் சொல்வதில் அவர்களுக்குப் புரியாததை என் மனைவி வாங்கி உடைத்துச் சொல்லுவாள். புது மேனேஜரைப் பற்றி நான் சொன்ன சிலவற்றை அவள் சொல்ல மறுத்தாள். அடுத்த வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கும் மனசு சரியில்லையோ என்று விசாரித்தாராம். அந்த நாட்களில் நான் நன்றாகவே இருந்தேன். எலும்பை மறந்தே போனேன்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டர் விரலால் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். ஒன்று தொங்கியது, இன்னொன்று நெகிழ்ந்து கிடந்தது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்க ஒட்டில் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் ஏதோ தெரிந்தது. நாடிப் பக்கத்து ஒட்டில் கறுப்பாக ஒரு கோடு. அது பிரிந்தே கிடந்தது.

"பேசினீங்களா?" என்றார்.

என் மனைவி முந்திக்கொண்டாள். "ஒரு வார்த்தை பேசல டாக்டர். சத்தியமாச் சொல்லுதேன். அவிய தொண்டையில இருந்து ஒரு சத்தம் வரல."

நானும் டாக்டரைப் பார்த்து, 'ஒரு வார்த்தை பேசல' என்றேன், எங்கள் வழக்கப்படி.

அவர் என்னையே பார்த்தார். "இப்ப என்ன பண்ணீங்க? திரும்பப் பண்ணுங்க."

பண்ணினேன். அவர் என் இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து என் வலது கன்னத்தில் வைத்து, "இப்பச் சொல்லச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். கன்னத்துச் சதை துள்ளியது எனக்கே தெரிந்தது. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"இந்தச் சதைதாம்மா தாடையை இழுக்குது" என்றார். "சத்தம் போட்டா என்ன, போடாட்டி என்ன. இவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டி வச்ச கம்பியோட மல்லுக்கு நிக்கிறார். உள்ள முளைச்சு வந்ததெல்லாம் அறுந்துருக்கும். யார் சொல்லிக்குடுத்தா இதை?"

மில்லில் எல்லாரும் இப்படித்தான் என்று அவள் சொன்னாள். அவருக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கறுப்புக் கோட்டைத் திரும்பப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. பின்பக்கம் பிடித்திருப்பதால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் முன்பக்கத்துக்கு எல்லாம் முதலிலிருந்து என்றார். பழைய கம்பிகளை மாற்றி, தடித்த கம்பியாகப் போட்டு முறுக்கினார். இந்தத் தடவை பேசாதே என்று சொல்லவில்லை. "முகத்தை வச்சு ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. நான் தோளைத் தொட்டதும், திரும்பாமலேயே சொன்னாள்:

"நான் பாத்தா நீங்க சொல்லுவிய. அதனால நான் பாக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். கூழை விடும்போது கன்னத்தை மட்டும் பார்ப்பாள். எதையாவது கேட்க வேண்டுமென்றால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பாள். ஆமாம் என்றால் நான் டம்ளரை ஒரு தட்டு தட்ட வேண்டும், இல்லை என்றால் இரண்டு. வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். "அவியளுக்கு மூஞ்சிய ஆட்டக் கூடாதாம். பொறவு வாங்க" என்று செட்டியார்பட்டித் தம்பியைப் பால்கோவாவோடு திருப்பி அனுப்பினாள். சிலேட்டைப் பரணிலிருந்து இறக்கினேன், ஆனால் எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனுசன் பேசுவது எதிர்முகத்தைப் பார்த்துத்தான் போல. அது இல்லாதபோது சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

வீட்டுக்குள் இருக்க முடியாமல் நடந்தேன். இடுப்பு இன்னும் நேராகவில்லை, ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நடப்பேன். கோயிலைச் சுற்றி, தேரடி வரைக்கும், சில நாள் செண்பகத்தோப்பு ரோட்டில் மலை கண்ணுக்குப் பெரிதாகிற தூரம் வரைக்கும். நாடியைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பேன். ஒருநாள் பூக்காரம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வாய்ப்பூட்டுப் போட்டிருக்கியளா? எந்த அம்மனுக்கு?" என்று கேட்டார். வேண்டிக்கொண்டு வாயைக் கட்டி விரதம் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கூட வந்த என் மனைவி, "மதுரை டாக்டருக்கு" என்றாள். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் எனக்கு ஒரு முழம் பூ கொடுத்தார்.

நடந்தாலும் மனசு தாடைக்குள்ளேயே கிடந்தது. இப்போது முளைக்கிறதா, இப்போது அறுந்ததா? எச்சில் விழுங்கினேனே, அதில் அசைந்திருக்குமா? தும்மல் வந்தபோது என்ன ஆயிற்று? நூல் அறுந்தால் கண்ணால் பார்க்கலாம், விரலால் ஒட்டலாம், ஒட்டியதும் தெரியும். இது உள்ளே இருட்டில் நடக்கிற வேலை, எனக்கு அதில் ஒரு கையும் கிடையாது. நான் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதுதான் எனக்கு ஆயுசில் வராத வேலை.

ஒரு மத்தியானம், கரண்டு இல்லை, வீடு வெந்துகொண்டிருந்தது. அவள் தரையில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். இடுப்பில் குத்தும் என்று பிளையரை எடுத்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். உதட்டை ஒதுக்கி, பிளையரின் வாயை ஒரு கம்பியில் வைத்தேன். பேசுவதற்காக இல்லை. அசைத்துப் பார்த்துவிட வேண்டும், ஒட்டியிருக்கிறதா போய்விட்டதா என்று தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். போய்விட்டது என்று தெரிந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

கண்ணாடியில் பின்னால் அவள் தெரிந்தாள். எழுந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஓடிவந்து பிடுங்கவில்லை.

"வெட்டுததுன்னா வெட்டுங்க" என்றாள். "இன்னொரு இடுப்பும் இருக்குல்லா."

பிளையரைக் கொண்டுபோய் அவள் தலைமாட்டிலேயே வைத்தேன். அவள் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலம் கூழில் உப்பு சரியாக இருந்தது.

கோடு மறைந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பிடித்துக் காட்டியபோது அந்தக் கறுப்பு இருந்த இடத்தை நான்தான் தேடிக்கொண்டிருந்தேன், அவர் தேடவில்லை. இருபக்க ஒட்டும் வெள்ளையாக மங்கி, எது பழைய தாடை, எது இடுப்பு என்று ஓரம் பிரிக்க முடியாமல் இருந்தது. கம்பிகளை வெட்டினார். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன் என்றுதான் நினைத்தேன். ஒரு விரல் நுழையவில்லை. இத்தனை நாள் கட்டிக் கிடந்ததில் சதை இறுகிவிட்டதாம், பழகப் பழக விடுமாம்.

ஆனால் நான் பழகவில்லை. அசையாதே, அசையாதே என்று கேட்டுக் கேட்டு, இப்போது அசைக்கப் பயம். இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்தேன். பேச வேண்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை. மாதங்கள் போயின. அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் முகத்தைச் சுளித்தார். நடுவில் எலும்பு கொஞ்சம் மெலிந்திருந்தது.

"என்ன சாப்பிடுறீங்க?"

கரைத்துக் குடிப்பதைச் சொன்னேன். அவருக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப அசையாதீங்கன்னு சொன்னது ஒட்டுறதுக்கு. இப்ப ஒட்டிருச்சு. இனிமே வேலை குடுத்தாத்தான் நிக்கும். இழுவையும் பாரமும் எங்க விழுதோ அங்கதான் உடம்பு எலும்பை வைக்கும். சும்மா கிடக்கிற எலும்புக்கு எதுக்குச் செலவுன்னு அதை அரிச்சு எடுத்துரும். மெல்லுங்க. பேசுங்க. வாயை நல்லா ஆட்டிப் பேசுங்க. உங்க மில் பேச்சு இருக்குல்ல, அதைப் பேசுங்க."

என் மனைவி அவரை முறைத்துப் பார்த்தாள். அன்றைக்கு வேண்டாம் என்றதை இன்றைக்கு வேண்டும் என்கிறாரே என்று அவளுக்கு. எனக்கோ யாரோ பூட்டைத் திறந்துவிட்டது போல இருந்தது. மறுவாரமே மில்லுக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். முகம் கொஞ்சம் இடதுபக்கமாக உள்வாங்கியிருந்தது, அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள். செட்டியார்பட்டித் தம்பி ஓடிவந்து கட்டிப்பிடித்தான். நான் என் இடத்தில் நின்றேன். கோடியில் ஒரு ஃபிரேமில் வரிசையாக நூல் அறுந்து கிடந்தது. அங்கே நின்றவனைப் பார்த்து, 'அதை முதல்ல பாரு' என்றேன். அவன் சிரித்துத் தலையாட்டினான். தலையாட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே நின்றான்.

திரும்பச் சொன்னேன். திரும்பவும் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவன் உதட்டைக் கோணலாக அசைத்து என்னவோ சொல்லும்போது, அவன் மனசு நோகக் கூடாது என்று நாங்கள் போடுவது அது. அன்று முழுவதும் எல்லாரும் எனக்குத் தலையாட்டினார்கள். மரத்துக் கிடந்த பாதி உதடு என்ன செய்கிறதென்று எனக்கே தெரியவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும். வீட்டுக்கு வந்து சிரித்தவர்கள் என் வாயைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என் மனைவி எடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எலும்பு பிழைத்துவிட்டது, எதற்காக அதைப் பிழைக்கவைத்தேனோ அது போய்விட்டதா? ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் யாரையும் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "எப்படி இருந்துச்சு? என்ன சொன்னாக?"

"எல்லாரும் தலையாட்டினாங்க" என்றேன்.

மில்லுக்காரிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். என்னைத் தரையில் உட்காரச் சொல்லி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லுங்க" என்றாள். "சத்தம் வேண்டாம். அங்க சொல்லுத மாதிரியே சொல்லுங்க."

'அதை முதல்ல பாரு' என்றேன்.

"இடது ஓரம் அப்படியே தொங்குது. அதை விட்டுருங்க, வரவே வராது. வலது ஓரத்த ரெண்டு பங்கா இழுங்க. தாடைய நல்லா இறக்குங்க."

"வலிக்குது."

"டாக்டர் வேலை குடுக்கத்தான சொல்லியிருக்காரு. இறக்குங்க."

இறக்கினேன். காதுக்குப் பக்கத்தில் கடுக்கென்றது. அவள் முகத்தை அசைக்காமல் பார்த்தாள். ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தாள். நிறுத்து, ஓட்டு, பஞ்சு சுத்துது, இங்க வா. அவள் வாங்காத சொல்லை இன்னொரு விதமாக, இன்னும் வலதுபக்கமாகச் சொன்னேன். தாடை வலித்தது. அந்த வலி எந்த இடத்தில் இருக்கிறதென்று கவனித்தேன். வெட்டி எடுத்த இடத்தில்தான் இருந்தது. அங்கே வலிக்க இப்போது ஒரு எலும்பு இருந்தது.

"இப்ப நீங்களா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "நான் கண்டுபிடிக்கேன்."

மில் சம்பந்தமாக எதையாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. தாடையை இறக்கி, வலது ஓரத்தை இழுத்து, சத்தமில்லாமல் சொன்னேன்: 'நான் ரொம்பப் பயந்துட்டேன்.'

வாங்கவில்லையோ என்று இன்னொரு முறை சொல்லப் போனேன்.

"கேட்டுருச்சு" என்றாள். "மிஷின் ஒண்ணும் ஓடலயே. அதைச் சத்தமாவே சொல்லுங்க."